‘தேர்தல்’ எப்படித் ‘தோ்தல்’ ஆகிறது: ஆல்ஃபிரட் லாஞ்சரில் ஒரு தமிழ் ஆசிரியர் மேசை

சிறு தமிழ் இதழ் ஒன்றின் ஆசிரியர் மேசையை எடுத்துக்கொள்வோம். காலையில் கணினியைத் திறந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கும் பத்துப் பன்னிரண்டு படங்கள் கிடக்கும். அவற்றோடு ‘கட்டுரை ஃபைனல் 2’ என்ற வேர்டு கோப்பு, அதே பெயரில் இன்னொருவர் அனுப்பிய வேறொரு கோப்பு, பிடிஎஃபிலிருந்து வெட்டி ஒட்டியதால் வரிக்கு வரி உடைந்த பத்திகள், செய்தித்தளத்திலிருந்து எடுத்த மேற்கோள்கள். மூத்த எழுத்தாளர் ஒருவர் இன்னமும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி அனுப்பும் தொடரும் இருக்கும். எல்லாவற்றுக்கும் செய்யவேண்டியது நான்கே வேலைதான்: பெயர் மாற்று, உரிய இடத்தில் போடு, உரையைச் சுத்தம் செய், பக்க வடிவமைப்பவருக்கு அனுப்பு. ஒவ்வொன்றும் அரை நிமிடம். நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு ஆளின் வேலை.

இந்த வேலையை மேக் கணினியில் ஆல்ஃபிரட் வழியாகத் தானியங்கியாக்கும்போது என்ன நடக்கிறது, எங்கே முறிகிறது என்பதே இந்த ஆய்வு. ஆல்ஃபிரட் 2010இல் வந்த லாஞ்சர். இங்கிலாந்தைச் சேர்ந்த ரன்னிங் வித் கிரேயான்ஸ் தயாரிப்பது. ஆப்ஷனும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும்; பெயரைத் தட்டினால் செயலியோ கோப்போ வந்து நிற்கும். அதுவரை இலவசம். நமக்கு வேண்டிய வொர்க்ஃப்ளோ (பல படிகளைச் சங்கிலியாகக் கோப்பது), ஸ்னிப்பெட் (சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழு வாசகமாக விரிவது), கிளிப்போர்டு வரலாறு (நகலெடுத்தவற்றின் பட்டியல்) மூன்றும் பவர்பேக் என்ற கட்டண உரிமத்தில்தான் வரும். விண்டோஸில் பவர்டாய்ஸும் ஆட்டோஹாட்கீயும், லினக்ஸில் உலாஞ்சரும் ஆல்பர்ட்டும் ஏறத்தாழ இதே வேலைக்குப் பயன்படுகின்றன. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில், மேக்கின் சொந்தத் தேடல் பெட்டியான ஸ்பாட்லைட்டே கிளிப்போர்டு வரலாற்றைக் காட்டத் தொடங்கிவிட்டது. அது மட்டும் போதும் என்பவருக்குப் பவர்பேக் தேவையில்லை. ஆனால் ஒரு கோப்பை எடுத்து நாமே எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது சிறு நிரலுக்குக் கொடுத்து, விளைவை வாங்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் சங்கிலியைப் படம் வரைவதுபோல் கட்டுவதில் ஆல்ஃபிரட் இன்னமும் முன்னால் நிற்கிறது.

முதல் சங்கிலி: பெயரும் இடமும்

இலக்கு வடிவம் இது: ‘2025-01-14_பொங்கல்மலர்_கவிதை_01’. தேதி முன்னால், ஆண்டு முதலில். அப்போதுதான் பெயர் வரிசையே கால வரிசையாக இருக்கும்.

சங்கிலியில் ஐந்து கண்ணிகள். முதலில் யூனிவர்சல் ஆக்ஷன் தூண்டி. ஃபைண்டரில் கோப்புகளைத் தேர்ந்து, நாம் ஒதுக்கிய குறுக்குவிசையைத் தட்டினால் அவற்றை வாங்கிக்கொள்ளும். இது 2021இல் 4.5 பதிப்போடு வந்த வசதி. அடுத்தது, வந்த கோப்புகளின் பாதையை ஒரு மாறியில், அதாவது பெயரிட்ட தற்காலிகச் சேமிப்பில், போட்டு வைக்கும் ‘ஆர்க் அண்ட் வார்ஸ்’. மூன்றாவதாகக் கவிதை, கட்டுரை, படம், விளம்பரம் என்று கேட்கும் லிஸ்ட் ஃபில்டர். நான்காவது, பெயரை மாற்றும் ரன் ஸ்கிரிப்ட். கடைசியில் ‘5 கோப்புகள் முடிந்தன’ என்று சொல்லும் அறிவிப்பு.

இரண்டாவது கண்ணியைத் தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். லிஸ்ட் ஃபில்டரில் ‘கவிதை’ என்று தேர்ந்த கணமே, சங்கிலியில் ஓடும் மதிப்பு ‘கவிதை’ ஆகிவிடும். கோப்புப் பாதைகள் போயே போய்விடும். மாறியில் முன்கூட்டியே சேமித்திருந்தால்தான் ஸ்கிரிப்ட்டால் அவற்றை எடுக்க முடியும். பல கோப்புகள் ஒரே மாறியில் சேரும்போது அவற்றுக்கிடையே டேப் எழுத்து வரும். டேப்பில் வெட்ட வேண்டியதை வெற்றிடத்தில் வெட்டினால், பெயரில் வெற்றிடமுள்ள ஒவ்வொரு வாட்ஸ்அப் படமும் நாலைந்து துண்டாகி, ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற பிழை வரிசையாக வந்து விழும்.

வெற்றிடத்திலும் ஒரு வஞ்சகம் உண்டு. அண்மைய மேக்ஓஎஸ் பதிப்புகள் ஸ்கிரீன்ஷாட் பெயரில் நேரத்துக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவே சாதாரண வெற்றிடத்தை வைப்பதில்லை. உடையாத குறுவெற்றிடம் என்ற வேறொரு எழுத்தை வைக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்பேஸ் விசையைத் தட்டி எழுதிய தேடல் விதி அதன்மேல் பொருந்தாது. எல்லா வகை வெற்றிடங்களையும் பிடிக்கும் வகுப்பை விதியில் எழுதினால் தீர்ந்தது.

தேதியை எங்கிருந்து எடுப்பது? ‘சேர்க்கப்பட்ட தேதி’ என்ற மீத்தகவலை எம்டிஎல்எஸ் கட்டளை கொடுக்கும். அது கொடுப்பது உலகப் பொது நேரத்தில். இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், காலை 5.30க்கு முன் வந்த கோப்பு முந்தைய நாள் தேதியோடு பதிவாகும். இரவு முழுக்கப் படம் வரும் தேர்தல் நாள், திருவிழா நாள்களில் பாதிக் கோப்புகள் தப்பான நாளில் உட்கார்ந்துகொள்ளும். வந்த மறுவினாடியே கேட்டால், அட்டவணையில் இன்னும் ஏறாததால் வெறுமையாகவும் பதில் வரலாம். ஸ்டாட் கட்டளையில் கோப்பு பிறந்த நேரத்தைக் கேட்பது மேல். அது உள்ளூர் நேரத்தில் தரும். ஜிப்பிலிருந்து பிரித்தவற்றுக்கு மட்டும் பழைய தேதி ஒட்டிக்கொண்டு வரலாம், அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெயரில் வரக்கூடாத எழுத்துகளும் உண்டு. ‘யார் பொறுப்பு?’ என்ற தலைப்பைக் கோப்புப் பெயராக்கினால் மேக்கில் சிக்கல் இல்லை. விண்டோஸில் வேலை செய்யும் வடிவமைப்பாளருக்கு அந்தக் கேள்விக்குறி ஆகாது. முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள்குறியும் ஆகா. சாய்கோடு எந்த இடத்திலும் ஆகாது, ‘24/7’ என்றால் ஸ்கிரிப்ட் ‘24’ என்ற ஃபோல்டரைத் தேடிப் போகும். எல்லாவற்றையும் சிறுகோடாக மாற்றிவிடுவதே நல்லது.

தமிழ்ப் பெயரின் நீளம் பலருக்குத் தெரியாத கதை. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். மேக்கின் வட்டு வடிவமான ஏபிஎஃப்எஸ் 255 எழுத்துகளை ஏற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஏற்பது 255 பைட். அதாவது 85 குறியீடுகள். ‘கோ’வைப் பிரித்து எழுதினால் மூன்று, சேர்த்து எழுதினால் இரண்டு, ‘ர்’ என்றாலே இரண்டு. முழுத் தலைப்பையும் பெயராக வைத்தால் 85 சட்டென்று தீரும். அலுவலகத்தின் பகிர்வு வட்டு லினக்ஸில் ஓடினால் நகலெடுக்கும்போதுதான் பிழை வரும், அதுவும் சில கோப்புகளுக்கு மட்டும். தலைப்பை 30 குறியீட்டில் வெட்டிவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் நகல். ஏபிஎஃப்எஸ் வட்டில் சிபி கட்டளையைக் குளோன் தெரிவோடு இயக்கினால் நகலுக்கு ஏறக்குறைய இடமே பிடிக்காது. உள்ளடக்கம் மாறும்போதுதான் புதிய இடம் செலவாகும். மூலத்தை ‘வந்தவை’ ஃபோல்டரில் அப்படியே வைத்துவிட்டு நகலின் பெயரை மாற்ற வேண்டும். எம்வி கட்டளை, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் அதன்மேல் எழுதிவிடும். பெயர் இறுதியில் வரிசை எண் வைத்து, இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே பார்த்து, இருந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும்.

டெர்மினலில் ஓடும், ஆல்ஃபிரடில் ஓடாது

ஒரே ஸ்கிரிப்ட் டெர்மினல் என்ற கட்டளைச் சன்னலில் ஓடும், ஆல்ஃபிரடில் ஓடாது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

ஆல்ஃபிரட் ஸ்கிரிப்ட்டை இயக்கும்போது நம் டெர்மினலின் அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் கணினியோடு வந்த நான்கு ஃபோல்டர்கள் மட்டுமே இருக்கும். ஹோம்ப்ரூ என்ற கருவி வழியாகத் தனியே நிறுவிய எதுவும் அதன் கண்ணில் படாது. ‘கட்டளை இல்லை’ என்ற 127ஆம் எண் பிழை வரும். கட்டளையின் முழுப் பாதையை எழுதினால் சரியாகும்.

இரண்டாவது, மொழிச் சூழல். மொழியையும் எழுத்துக் குறியீட்டையும் சொல்லும் லாங் மாறி அமைக்கப்பட்டிருக்காது. உரையைக் கிளிப்போர்டில் போடும் பிபிகாப்பி கட்டளை அந்த மாறியைப் பார்த்துத்தான் குறியீட்டை முடிவு செய்கிறது. இல்லையென்றால் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலம் மட்டும் கையாள்பவர் இதை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலே இருக்கலாம். தமிழுக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்: ‘வணக்கம்’ போட்டால் ஏதோ ஐரோப்பியக் கிறுக்கல் வந்து ஒட்டும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் லாங் மாறியை யூடிஎஃப்-8 ஆக அமைக்கலாம். இன்னும் நல்லது, பிபிகாப்பியைத் தொடாமல் ஆல்ஃபிரடின் ‘காப்பி டு கிளிப்போர்டு’ கண்ணியையே பயன்படுத்துவது.

மூன்றாவது, பழைய வொர்க்ஃப்ளோக்கள். மேக்ஓஎஸ் 12.3 வந்தபோது, 2022இல், பைத்தான் 2 கணினியிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 12ஆம் பதிப்பிலேயே பிஎச்பி போய்விட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வொர்க்ஃப்ளோக்களை இறக்கினால் சத்தமின்றி ஒன்றும் செய்யாமல் நிற்கும். நாமே எழுதுவதென்றால் கணினியோடு வரும் இசட்எஸ்எச், பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளே போதும்.

அனுமதிகளையும் பார்க்க வேண்டும். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களைத் தொட ஆல்ஃபிரடுக்குத் தனி அனுமதி தேவை. ஸ்னிப்பெட் தானாக விரிய ஆக்ஸெஸிபிலிட்டி அனுமதி. பிழை தெரியாமல் தவித்தால் வொர்க்ஃப்ளோ திரையின் மேல் மூலையில் இருக்கும் பூச்சிப் படத்தைத் தட்டுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் எது உள்ளே போனது, எது வெளியே வந்தது என்று வரிவரியாகக் காட்டும். ஸ்கிரிப்ட்டின் விடையை ‘எக்கோ’வில் அச்சிட்டு, அதைக் கோப்புப் பாதையாக அடுத்த கண்ணிக்குக் கொடுத்தால், கடைசியில் ஒட்டிக்கொண்ட வரிமுறிவால் ‘கோப்பு இல்லை’ என்று வரும். அந்தச் சன்னலில் உற்றுப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

இரண்டாவது சங்கிலி: உரையைச் சுத்தம் செய்தல்

உரையைத் தேர்ந்து குறுக்குவிசையைத் தட்டினால், சுத்தமான உரை அதே இடத்தில் வந்து ஒட்ட வேண்டும். பிடிஎஃப் வரிமுறிவுகளை நீக்குவது எளிது: வெற்று வரி இருந்தால் பத்தி, இல்லையென்றால் சேர்த்துவிடு. கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளைக் களைவதும் எளிதுதான், ஒன்றைத் தவிர. ‘ரிக்‌ஷா’ என்று க் தனியாக, ஷா தனியாக நிற்கவேண்டும் என்றால் நடுவே ஒரு பிரிப்பான் எழுத்து இருக்கிறது. அதையும் துடைத்துவிட்டால் க்ஷ ஒட்டிக்கொண்டு ‘ரிக்ஷா’ ஆகிவிடும். க்-க்கும் ஷ-வுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

உண்மையான வேலை ‘ர’வில் இருக்கிறது. செய்தித்தளங்களிலிருந்து எடுத்த உரையில் ‘அவா்’, ‘ஆசிாியா்’, ‘தோ்தல்’, ‘பொிய’, ‘தொியும்’ என்று வருவதைப் பலரும் படித்தும் கவனித்திருக்க மாட்டார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். பழைய எழுத்துருக்களில் ர்-இன் காலுக்கும் துணைக்காலுக்கும் ஒரே விசை, அல்லது ஒரே உருவம். யூனிகோடுக்கு மாற்றும்போது மென்பொருள் அதைத் துணைக்கால் என்றே எடுத்துக்கொண்டது. விளைவு: ‘ஆசிரியர்’ என்று தேடினால் ‘ஆசிாியா்’ கிடைக்காது. சொல்திருத்தி கோடு போடும். அகரவரிசை கெடும்.

திருத்தும் விதி ஒரே வரியில் முடியும்போல் தோன்றும். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது. வந்தால் அந்தத் துணைக்கால் உண்மையில் ர. அப்படியே மாற்றிவிடலாம். ‘அவா்’ திருந்தும், ‘ஆசிாியா்’ திருந்தும். ‘தோ்தல்’ மட்டும் அசையாது.

ஏன் என்பதில்தான் இந்தச் சங்கிலியின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ‘தேர்’ என்பதை அந்தப் பிழையோடு எழுதினால் த, ஏகாரக் கொம்பு, துணைக்கால், புள்ளி. யூனிகோடில் கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வந்தால் அது ஓகாரக் குறிக்குச் சமம். சேர்ந்த வடிவமான என்எஃப்சிக்கு எந்த மென்பொருள் மாற்றினாலும் இரண்டும் ஒன்றாகி ‘தோ’ ஆகிவிடும். இப்போது தேடப் போனால் துணைக்கால் என்ற தனி எழுத்தே அங்கே இல்லை. ‘தெரி’ இதே வழியில் ‘தொி’ ஆகிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உரை முழுவதையும் பிரிந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்டிக்கு மாற்றுங்கள். ஓகாரக் குறி மறுபடி கொம்பும் துணைக்காலுமாகப் பிரியும். இப்போது அதே ஒற்றை விதி ‘அவா்’, ‘தோ்தல்’, ‘பொிய’ எல்லாவற்றையும் பிடிக்கும். அதன் பிறகே என்எஃப்சிக்கு மாற்றிச் சேர்க்க வேண்டும். பலர் செய்வது தலைகீழ். உரை வந்ததும் முதல் வேலையாக என்எஃப்சி போட்டுவிடுவார்கள். நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதே இங்கே பிழையைப் பூட்டி வைக்கிறது.

இதைப் பெர்லில் எழுதினால் யூனிகோட் நார்மலைஸ் தொகுதி அதனுடனே வருகிறது. ஸ்கிரிப்ட்டும் உள்ளீடும் யூடிஎஃப்-8 என்று பெர்லுக்குச் சொல்ல மறக்கக்கூடாது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் மூன்று தனிப் பைட்டாகப் பார்க்கும். எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் முதல் பைட் ஒன்றே. எனவே ‘க, ச, ட இவற்றில் ஒன்று’ என்ற வகுப்பு எந்த எழுத்தின் முதல் பைட்டையும் பிடித்து வெட்டிவிடும். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி வைரங்கள்.

வடிவ மாற்றத்தால் தீராதவையும் உண்டு. ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒளவை’ என்று ஒ-வும் ள-வும் தட்டியது வேறு; யூனிகோடுக்கு இவை சமமல்ல. ‘ஒள’வை எல்லாம் ‘ஔ’ ஆக்கினால் ‘ஒளி’ கெட்டுப்போகும். ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளத்தம்’, ‘வெளவால்’ இவற்றுக்கும் அதே கதை. பொது விதி போட்டால் ‘தெளிவு’, ‘வெள்ளை’ பலியாகும். இதற்குச் சொற்பட்டியல்தான் வழி. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீடுகள் புழக்கத்தில் உண்டு, ஒன்று ஸ-வில் தொடங்குவது, மற்றது பின்னால் சேர்க்கப்பட்ட ஶ-வில். அலுவலகம் ஒன்றைத் தேர்ந்து அதற்கே மாற்ற வேண்டும். எது சரி என்ற விவாதத்தைத் தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோப்புப் பெயரிலும் இந்த இரண்டு வடிவங்கள் விளையாடும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைப் பிரித்தே சேமித்தன. ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், தேடும்போது இரண்டையும் ஒன்றாக நினைக்கும். லினக்ஸ் அப்படி நினைக்காது: பிரிந்த ‘பொங்கல்’, சேர்ந்த ‘பொங்கல்’ என்று ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். முதல் சங்கிலியில் பெயரை எழுதும் முன் என்எஃப்சிக்கு மாற்றும் வரி கட்டாயம்.

பாமினி

இதற்குத் தனிச் சங்கிலி, தனிக் குறுக்குவிசை. தானாகக் கண்டுபிடிக்க விடக்கூடாது. வெறும் உரையாக நகலெடுக்கும்போது எழுத்துருத் தகவல் போய்விடும். மிஞ்சுவது ஆங்கில எழுத்துகள் மட்டும், அது பாமினியா உண்மையான ஆங்கிலமா என்று சொல்ல வழியில்லை. ‘இலங்கை’ என்று தட்ட ஆறு விசை: காற்புள்ளி, ஒய், க்யூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். காற்புள்ளி ‘இ’, அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. ஐ விசை தருவது ஐகாரக் கொம்பு, அது எஃப் விசையின் ‘க’வுக்கு முன்னால் வருகிறது. கண்ணில் தெரியும் வரிசையில் தட்டும் முறை அது. யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் குறி. ஆகவே வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பயனில்லை. கொம்பு, மெய், துணைக்கால் மூன்றும் சேர்ந்த ஒகர ஓகாரத் தொடர்களை முதலில் மாற்ற வேண்டும், அடுத்துக் கொம்பும் மெய்யும், கடைசியில் தனி எழுத்துகள். நீளமானது முதலில் என்பதே விதி. கட்டுரைக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகும். மாற்றும் முன் அந்தச் சொற்களை விட்டுப் பகுதி பகுதியாகத் தேர்வதே பாதுகாப்பு.

ஸ்னிப்பெட்டும் விசைப்பலகையும்

‘தங்கள் படைப்பு கிடைத்தது’ என்ற பதில், வங்கி விவரம், இதழ் முகவரி போன்றவை ஸ்னிப்பெட்டாக இருக்க வேண்டும். சுருக்கச் சொல்லை அரைப்புள்ளியில் தொடங்கும் வழக்கம் ஆங்கிலப் பயனர்களிடையே பரவலானது. தமிழ்99 விசைப்பலகையில் அரைப்புள்ளி விசை ‘ந’. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது அந்தச் சுருக்கம் ஒருபோதும் விரியாது. சமக்குறியும் எண்ணும் சேர்ந்த ‘=1’, ‘=2’ ஆங்கிலத்திலும் தமிழ்99இலும் மாறாது. கடவுச்சொல் பெட்டியில் எதுவும் விரியாது. அது பழுதல்ல, பாதுகாப்பு.

ஆல்ஃபிரடின் பெட்டியே தமிழில் திறந்து, தட்டிய கட்டளைச் சொல் கிறுக்கலாவது இன்னொரு தொல்லை. அட்வான்ஸ்ட் பகுதியில் ‘ஃபோர்ஸ் கீபோர்டு’ என்பதில் ஆங்கில விசைப்பலகையைக் குறித்துவிட்டால் பெட்டி எப்போதும் ஆங்கிலத்தில் திறக்கும். தமிழ்ப் பெயரைத் தேட ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தேதியில் தொடங்கும் பெயர்கள் அங்கே கைகொடுக்கும், எண்களுக்கு மொழி இல்லை.

ஸ்னிப்பெட்டுக்குள் தேதி வைக்கும்போது ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’ நான்கு, மாதத்துக்குப் பெரிய ‘எம்’ இரண்டு. பெரிய ‘ஒய்’ என்றால் வாரக் கணக்கு ஆண்டு: 2024 டிசம்பர் 30 அன்று அது 2025 என்று அச்சிடும். ஆண்டு முழுதும் ஒழுங்காக ஓடி, புத்தாண்டு வாரத்தில் மட்டும் தவறும். சிறிய ‘எம்’ போட்டால் மாதத்தின் இடத்தில் நிமிடம் வரும்.

கிளிப்போர்டு வரலாறு தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். உரைக்கு ஒரு நாளிலிருந்து மூன்று மாதம் வரை கால அளவு வைக்கலாம். இந்த மேசைக்கு ஏழு நாள் தாராளம். படைப்பாளர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் அதில் தங்கும் என்பதால் பலர் பயன்படுத்தும் கணினியில் ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. கடவுச்சொல் செயலி விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சந்திப்பிழை திருத்துவதையும் கோப்பு நீக்குவதையும் சங்கிலிக்குள் சேர்க்கவில்லை. முன்னதற்கு விதி எழுதினால் ‘வேலை கொடுத்தான்’ எல்லாம் ‘வேலைக் கொடுத்தான்’ ஆகும். பின்னதற்கு ஒரு வரி போதும், அந்த ஒரு வரியில் மாறியொன்று வெறுமையாக வந்தால் ஃபோல்டரே போகும்.

புதிய சங்கிலி எதுவானாலும் ஐந்து கோப்புகளை வைத்துச் சோதிக்கலாம்: ‘பொங்கல்’ பிரிந்த வடிவில், ‘பொங்கல்’ சேர்ந்த வடிவில், ‘யார் பொறுப்பு?’, பெயரில் இரட்டை வெற்றிடமுள்ள ஒரு வாட்ஸ்அப் படம், பிஎம் சேர்ந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். முதலிரண்டையும் ஒரே ஏபிஎஃப்எஸ் ஃபோல்டரில் வைக்க முடியாது. தனித்தனி ஃபோல்டர் வேண்டும்.